மைதானப் புல் ஏன் போகிறது: அறிகுறியைப் பார்த்துக் காரணத்தைப் பிடிக்கும் வழி

மைதானத்தில் புல் போய்விட்டது என்றதும் பெரும்பாலானவர்களின் கை முதலில் உர மூட்டைக்குப் போகிறது, அது பலிக்காவிட்டால் தண்ணீர்க் குழாய்க்கு. நானும் ஆரம்பத்தில் அப்படித்தான் செய்தேன். வருடக்கணக்கில் ஒரே தரையைப் பார்த்துக்கொண்ட பிறகு எனக்குப் புரிந்தது இதுதான்: நிறையப் பேர் ஆடுகிற மைதானத்தில் புல்லுக்கு வருகிற நோவு பெரும்பாலும் மண்ணில்தான் தொடங்குகிறது, அந்த மண்ணைக் கெடுப்பது அநேகமாக ஈரமாக இருந்தபோது நடந்த ஆட்டம். மேலே தெரிவதை மட்டும் பார்த்து மருந்து போட்டால் காசும் போகும், சீசனும் போகும்.

எதையும் செய்வதற்கு முன்: ஒரு மண்கட்டி எடுங்கள்

மண்வெட்டியால் உள்ளங்கை அகலத்துக்கு, ஒரு சாண் ஆழத்துக்கு ஒரு கட்டியை வெட்டி எடுங்கள். கெட்ட இடத்தில் ஒன்று, பக்கத்திலேயே நன்றாக இருக்கிற இடத்தில் ஒன்று. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால்தான் வித்தியாசம் தெரியும். வேர் எவ்வளவு ஆழம் போயிருக்கிறது, வெள்ளையாக இருக்கிறதா பழுப்பாகிவிட்டதா, மண் கையில் உதிர்கிறதா அல்லது தட்டுத் தட்டாகப் பிளக்கிறதா, முகர்ந்தால் மழை மண் வாசனையா அழுகின முட்டை நாற்றமா, புல்லுக்கும் மண்ணுக்கும் நடுவே பழைய தண்டும் வேரும் சேர்ந்த நார்ச்சக்கை எத்தனை மி.மீ. தடிமன். பார்த்து முடித்ததும் கட்டியை அதே குழியில் வைத்து மிதித்துத் தண்ணீர் விட்டால் ஒட்டிக்கொள்ளும்.

இன்னும் இரண்டு சோதனைகள், செலவே இல்லாதவை. மழையோ பாசனமோ முடிந்த மறுநாள் நீளமான ஸ்க்ரூடிரைவரைக் கையால் மட்டும் அழுத்துங்கள். 15 செ.மீ. சுலபமாக இறங்கினால் சரி, 5 செ.மீ.-இல் நின்றுவிட்டால் மண் இறுகியிருக்கிறது. இரண்டாவது, இரண்டு பக்கமும் திறந்த ஒரு பிளாஸ்டிக் பைப் துண்டைத் தரையில் 5 செ.மீ. அடித்து இறக்கி, உள்ளே தண்ணீர் ஊற்றி முதல் முறை முழுக்க வடிய விட்டு, இரண்டாவது முறை ஊற்றி, ஒரு ஸ்கேலை வைத்து ஒரு மணி நேரத்தில் எவ்வளவு இறங்குகிறது என்று பாருங்கள். 5 மி.மீ. கூட இறங்காத தரையில் என்ன விதை போட்டாலும் ஒரு மழைக்காலத்தைத் தாண்டாது.

அப்புறம், உங்கள் புல் எந்த இனம் என்பது தெரிந்திருக்க வேண்டும். அருகம்புல்லும் அதன் கலப்பின வகைகளும் வெயிலில் வளர்பவை, ஓடுதண்டாலும் மண்ணுக்கடியில் ஓடும் தண்டாலும் தானே பரவிக் காயத்தை மூடிக்கொள்ளும், குளிரில் உறங்கிவிடும். ரை புல் குளிர்ச்சியில் வளர்வது, விதைத்து ஒரு வாரம் பத்து நாளில் முளைத்துவிடும், ஆனால் கொத்துக் கொத்தாக நிற்குமே தவிர பக்கவாட்டில் பரவாது, எனவே அதில் விழுந்த ஓட்டையை விதையால்தான் அடைக்க வேண்டும். 1960-இல் வெளிவந்து இன்றும் உலகம் முழுக்க மைதானங்களில் இருக்கிற டிஃப்வே 419 போன்ற அருகம்புல் கலப்பினங்கள் மலடு, அவற்றுக்கு விதை கிடையாது, தண்டுத் துண்டையோ மண்ணோடு பாய் போல வெட்டியெடுத்த புல்பாயையோ வைத்துத்தான் பெருக்க முடியும். "டிஃப்வே விதை" என்று யாராவது பொட்டலம் நீட்டினால் வாங்காதீர்கள்.

கோல் வாசல், நடு வட்டம், டச் லைன் ஓரம் மட்டும் மொட்டை. மற்ற இடம் பச்சை

இது தேய்மானம். நோயும் இல்லை, சத்துக் குறைவும் இல்லை, ஏனென்றால் அவற்றுக்கு வெள்ளைக் கோடு எங்கே போட்டிருக்கிறது என்று தெரியாது. மொட்டை ஆட்டத்தின் வடிவத்தில் இருந்தால் காரணம் ஆட்டம்தான்.

முதலில் குத்துக்காலிட்டு உட்கார்ந்து மொட்டைத் தரையை விரலால் கீறிப் பாருங்கள். நான் ஒரு முறை கோல் வாசலைக் கொத்தி எடுத்துவிடலாம் என்று களைக்கொத்தியோடு போனவன், மேல் தூசியை நகர்த்தியதும் அடியில் சணல் கயிறு மாதிரி தண்டு ஒன்று, கணுவுக்குக் கணு வெள்ளை முளை அரிசி நுனி அளவுக்கு எட்டிப் பார்த்தது. கொத்தியைத் தள்ளி வைத்துவிட்டேன். அப்படி உயிரோடு தண்டு இருந்தால் வெயில் காலத்தில் மூன்று நான்கு வாரம் காலே படாமல் விட்டு, மண்ணில் துளை போட்டு, கொஞ்சம் தழைச்சத்தும் (நைட்ரஜன்) தண்ணீரும் கொடுத்தால் அது தானே மூடும். தண்டு ஒடித்தால் காய்ந்த குச்சி மாதிரி முறிகிறது, கணுவில் உயிரே இல்லை என்றால் புதிதாக நட வேண்டியதுதான்.

நட்டால் மட்டும் போதாது, கால் விழும் இடத்தை மாற்ற வேண்டும். இல்லாவிட்டால் அடுத்த மாதமும் இதே வேலை. பயிற்சியில் கோல்கீப்பரை நிரந்தர கோல் போஸ்டுக்கு முன்னால் நிற்க வைக்கவே கூடாது, தூக்கி நகர்த்தக்கூடிய கோல் போஸ்ட் வாங்கி மைதான ஓரத்தில், ஒவ்வொரு நாள் ஒவ்வொரு பக்கம் வைக்கச் சொல்லுங்கள். அது கவிழ்ந்து விழாமல் தரையோடு கட்டுவது ரொம்ப முக்கியம், பிள்ளைகள் தொங்குவார்கள். இடம் இருந்தால் ஆடுகளக் கோடுகளையே வருடத்துக்கு ஒரு முறை சில மீட்டர் பக்கவாட்டில் நகர்த்திப் போடுங்கள், நடு வட்டமும் கோல் வாசலும் புது இடத்துக்குப் போய்விடும். ஓட்டப் பயிற்சி, கூம்பு வைத்து வளைந்து ஓடும் பயிற்சி எல்லாம் ஆடுகளத்துக்கு வெளியே.

டச் லைன் விஷயத்தில் ஒரு நுணுக்கம் இருக்கிறது. துணை நடுவர் ஒவ்வொருவரும் தன் பக்கக் கோட்டில் ஒரு பாதியில் மட்டும்தான் ஓடுகிறார், அதுவும் வழக்கமாக எல்லா ஆட்டத்திலும் அதே பாதி. அதனால் ஒவ்வொரு கோட்டிலும் ஒரு பாதி தேய்ந்து மறு பாதி பட்டு மாதிரி இருக்கும். நடுவர் மைதானத்தின் ஒரு மூலையிலிருந்து எதிர் மூலைக்குக் குறுக்காக ஓடுகிறார், முன்கூட்டியே கேட்டால் மற்ற இரு மூலைகளுக்கு இடையே ஓடச் சம்மதிப்பார், துணை நடுவர்களும் மறு பாதிக்கு மாறுவார்கள். ஒரு வார்த்தை கேட்பதால் ஒரு கீற்று புல் பிழைக்கும்.

சீசன் நடுவில் ஆட்டத்தை நிறுத்தவே முடியாது என்றால் தடிமனான புல்பாய்தான் வழி. மெல்லிய புல்பாய் வேர் பிடிக்க இரண்டு மூன்று வாரம் வேண்டும், அதற்குள் ஆடினால் காலோடு வந்துவிடும். 35 முதல் 40 மி.மீ. வரை மண்ணோடு வெட்டிய பாய் தன் எடையாலேயே உட்கார்ந்துகொள்ளும், சில நாளிலேயே ஆடலாம். ஆனால் பாயோடு வருகிற மண் உங்கள் மண்ணைப் போலவே இருக்க வேண்டும். மணல் தரையின் மேல் களிமண் பாயை விரித்தால் தண்ணீர் அந்த எல்லையில் நின்றுவிடும்.

மழை நின்று பல மணி நேரம் ஆகியும் தண்ணீர் நிற்கிறது

நிற்கிற தண்ணீருக்குள்ளேயே மண்கட்டி எடுங்கள், விடை அங்கேதான் இருக்கிறது.

மேல் இரண்டு அங்குலம் சொதசொதப்பு, கீழே மண் உலர்ந்து கிடக்கிறது என்றால் மேல்தட்டு இறுகி மூடியிருக்கிறது, அல்லது நார்ச்சக்கை ஸ்பாஞ்சு மாதிரி தண்ணீரைப் பிடித்து வைத்திருக்கிறது. துளை போட்டால் தீரும், எப்படிப் போடுவது என்று அடுத்த அறிகுறியில் சொல்கிறேன். கீழேயும் ஒரே ஈரம், குழியில் பக்கவாட்டிலிருந்து தண்ணீர் ஊறி வருகிறது என்றால் வடிகால் இல்லை அல்லது அடைத்துவிட்டது, மேலே என்ன செய்தாலும் பயன்படாது. வடிகுழாய் வெளியே வருகிற முனையைப் போய்ப் பாருங்கள். மழை நாளில் அங்கே தண்ணீர் சொட்டவில்லை என்றால் அடைப்பு, நன்றாக ஓடுகிறது என்றால் குழாய் வேலை செய்கிறது, குழாய்க்கும் மேல் மண்ணுக்கும் நடுவே தான் தடை. அந்தத் தடையை, மணல் நிரப்பிய குறுகிய பிளவுகள் போட்டுக் குழாய் வரை இணைத்துத்தான் உடைக்க வேண்டும்.

ஓரிரு இடத்தில் மட்டும் குளம் கட்டுகிறது என்றால் அது வெறும் பள்ளம். மேல்மணலைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தூவிப் புல் ஏறி வர ஏறி வர நிரப்புங்கள். முழுத் தரையும் சரிவே இல்லாமல் இருந்தால் அது வேறு கதை. பழைய முறையில் கட்டிய மண் மைதானத்தில் நடுவிலிருந்து இரு ஓரத்துக்கும் 1 சதவீதமாவது சரிவு வேண்டும், 68 மீட்டர் அகலத்தில் பாதி 34 மீட்டர் என்பதால் நடு ஓரத்தைவிட 34 செ.மீ. உயரமாக இருக்க வேண்டும். ஒரு நூலைக் கட்டி நீர்மட்டத்தோடு பார்த்தால் தெரிந்துவிடும்.

இங்கே ஒரு தப்பை நிறையப் பேர் செய்கிறார்கள். களிமண்ணில் நாலு லோடு மணலைக் கலந்தால் மண் இளகிவிடும் என்று நினைக்கிறார்கள். மணல் அளவு கொஞ்சமாக இருந்தால் களி அந்த மணல் மணிகளுக்கு நடுவே போய் நிரம்பிக் காங்கிரீட் மாதிரி ஆகிவிடும். மணல் பெரும்பங்காக ஆகும்வரை கலந்தால்தான் பலன், அந்த அளவுக்குக் கலப்பது என்றால் மைதானத்தையே புதிதாகக் கட்டுகிற மாதிரி. அப்படிக் கட்டுவதற்கு அமெரிக்க கோல்ஃப் சங்கம் 1960-இல் வெளியிட்ட முறை இன்றும் அடிப்படையாக இருக்கிறது: 300 மி.மீ. மணல் வேர்ப்படுகை, அடியில் 100 மி.மீ. சரளை, அதற்கும் அடியில் வடிகுழாய். அது இல்லாதவர்கள் இருக்கிற மண்ணைத் துளை போட்டு மணல் நிரப்பித்தான் வருடக்கணக்கில் மெல்ல மாற்ற வேண்டும்.

முட்டை நாற்றமும் மண்ணில் கருப்புப் பட்டையும் இருந்தால் காற்றே போகாமல் பல நாள் தண்ணீர் தேங்கியிருக்கிறது என்று அர்த்தம். உரத்தை நிறுத்துங்கள், பாசனத்தைக் குறையுங்கள், உடனே துளை போடுங்கள்.

தரை கல் மாதிரி இருக்கிறது, பந்து எகிறுகிறது, விழுந்தால் முட்டி பெயர்கிறது

இதைத் தள்ளிப் போடாதீர்கள். புல்லின் பிரச்சினை என்பதைவிட ஆடுகிறவர்களின் தலையும் முழங்காலும் சம்பந்தப்பட்ட விஷயம். இதை அளக்கவே கிளெக் சுத்தியல் என்று ஒரு கருவி இருக்கிறது, 2.25 கிலோ எடையை ஒரு குழாய்க்குள் விட்டு அது தரையில் மோதி எவ்வளவு வேகமாக நிற்கிறது என்று எண்ணில் சொல்லும். இல்லாதவர்களுக்கு ஸ்க்ரூடிரைவர் போதும்.

தண்ணீர் விட்ட மறுநாள் ஸ்க்ரூடிரைவர் இறங்கினால் அது வெறும் வறட்சி, பாசனம் போதவில்லை. ஈரமாக இருந்தும் இறங்கவில்லை என்றால் இறுக்கம். மண் மணிகளுக்கு நடுவே இருந்த பெரிய துவாரங்கள் நசுங்கிவிட்டன, வேருக்குக் காற்று இல்லை, தண்ணீர் போக வழி இல்லை. ஆட்டக்காரர்களின் ஷூவுக்கு அடியிலுள்ள ஸ்டட் குமிழ்கள் அழுத்துவது பெரும்பாலும் மேல் சில அங்குலங்களில்தான், அதற்குக் கீழே இறுக்கம் என்றால் டிராக்டரோ லாரியோ ஏறியிருக்கும், அல்லது கட்டும்போதே இறுகியிருக்கும்.

வைத்தியம் துளையிடுவது. இரண்டு வகை இருக்கிறது. உள்ளே கூடாக இருக்கும் குழல் முள் மண்ணை விரல் தடிமன் உருளைகளாக வெளியே எடுத்துப் போடும், 75 முதல் 100 மி.மீ. ஆழம். திட முள் மண்ணை எடுக்காது, 200 முதல் 300 மி.மீ. வரை இறங்கி அடியில் லேசாக நெம்பி விரிசல் விடும். மேல் இறுக்கத்துக்குக் குழல் முள், ஆழ இறுக்கத்துக்கு நெம்புகிற திட முள். ஒரு முறை செய்தால் போதும் என்று நினைக்காதீர்கள், கணக்குப் போட்டுப் பாருங்கள்: 12 மி.மீ. துளையை 50 மி.மீ. இடைவெளியில் போட்டால் மொத்தப் பரப்பில் திறப்பது வெறும் நாலரை சதவீதம். அதனால்தான் நிறைய ஆட்டம் நடக்கிற மைதானத்தில் வருடத்துக்கு மூன்று நான்கு முறையாவது, கோல் வாசலில் அதற்கும் மேல் போட வேண்டியிருக்கிறது. மெஷின் இல்லையென்றால் கோல் வாசலை மட்டும் கார்டன் ஃபோர்க்கால் குத்துங்கள், கைப்பிடியைக் கொஞ்சம் பின்னால் இழுத்து நெம்பிவிட்டு எடுங்கள், முதுகு வலிக்கும், ஆனால் பலன் இரண்டு வாரத்தில் கண்ணில் தெரியும்.

எப்போது செய்வது என்பது எப்படிச் செய்வது என்பதைவிட முக்கியம். புல் வேகமாக வளர்கிற காலத்தில், மண் பிசைந்த மாவாகவும் இல்லாமல் கட்டாந்தரையாகவும் இல்லாமல் இருக்கும்போது. சேற்றில் துளை போட்டால் துளையின் சுவரே வழவழவென்று பூசினது போல் ஆகி, வேரும் போகாது தண்ணீரும் போகாது. துளை போட்ட கையோடு மணல் தூவி பிரஷ்ஷால் துளைக்குள் தள்ளுங்கள். 3 மி.மீ. என்றால் குறைச்சல் மாதிரி தோன்றும், ஆனால் 105-க்கு 68 மீட்டர் மைதானத்துக்கு அதுவே 21 கனமீட்டருக்கு மேல் வரும். ஒரே தடவையில் ஒரு அங்குலம் கொட்டினால் புல் மூச்சு முட்டும், அந்த மணல் தனி அடுக்காக நின்று பின்னால் வேரை அந்த எல்லையோடு நிறுத்திவிடும். ஒவ்வொரு வருடமும் அதே மணலை வாங்குங்கள். உப்பு இருக்கிற கடல் மணல், ஒட்டிக்கொள்கிற வண்டல் கலந்த மணல் இரண்டும் வேண்டாம்.

ரோலரைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். தரை சமமாக இல்லை என்று ஈரத்தில் கனமான ரோலர் ஓட்டுவது பழக்கமாகப் பல இடத்தில் இருக்கிறது. மேடு அமுங்குகிறது, கூடவே துவாரம் எல்லாம் அமுங்குகிறது, நீங்கள் மூன்று மாதம் துளை போட்டுச் சம்பாதித்தது ஒரு காலையில் போகும். கிரிக்கெட் பிட்ச்சுக்கு ரோலர் வேண்டும், அங்கே இறுக்கம்தான் நோக்கம். கால்பந்து, ஹாக்கித் தரைக்கும் கிரிக்கெட் அவுட்ஃபீல்டுக்கும் லேசான ரோலர், அதுவும் எப்போதாவது.

காலை ஊன்றித் திரும்பினால் புல் பாய் மாதிரி பெயர்கிறது

பெயர்ந்த துண்டின் அடிப்பக்கத்தைப் பாருங்கள். வேரே இல்லாமல் கத்தரித்த மாதிரி இருந்தால் கீழே மண்ணைக் கிளறுங்கள், வெள்ளையாக, தலை மட்டும் பழுப்பாக, அரை வட்டமாகச் சுருண்டு கிடக்கிற வேர்ப்புழு இருக்கும். ஒரு சதுர அடிக்கு ஐந்தாறுக்கு மேல் இருந்தால் மருந்து யோசிக்கலாம், ஒன்றிரண்டு இருந்தால் ஆரோக்கியமான புல் தாங்கும். பறவைகள் ஒரே இடத்தில் கூட்டமாகக் கொத்துகின்றன என்றால் அதுவும் இதற்கான சாட்சி. மருந்து போட்டால் தண்ணீர் விட்டு உள்ளே இறக்க வேண்டும், முதிர்ந்த புழுவுக்கு மருந்து அவ்வளவாகப் பிடிக்காது, சின்னதாக இருக்கும்போதே போட வேண்டும், லேபிளில் போட்டிருக்கிற நாள் கழியும்வரை யாரையும் உள்ளே விடக்கூடாது.

வேர் இருக்கிறது, ஆனால் எல்லாம் நார்ச்சக்கைக்குள்ளேயே சுற்றிக்கொண்டிருக்கிறது, மண்ணுக்குள் இறங்கவில்லை என்றால் சக்கைதான் காரணம். 12 மி.மீ. தாண்டினால் செங்குத்துக் கத்தி மெஷின் ஓட்டிக் கீறி எடுக்க வேண்டும், துளை போட்டு மணல் தூவுவதும் சக்கையை மக்க வைக்கும். தினம் கொஞ்சம் கொஞ்சமாகத் தண்ணீர் தெளிக்கிற பழக்கமும் வேரை மேலேயே நிறுத்தும்.

புது புல்பாய் என்றால் விடை எளிது, இன்னும் வேர் பிடிக்கவில்லை. பெரிய ஸ்டேடியங்களுக்கும் இது நடந்திருக்கிறது. 2007-இல் திறந்த லண்டனின் புது வெம்ப்ளியில் தரை காலடியில் பெயர்கிறது என்ற குறை மூன்று வருடம் ஓயவில்லை, திரும்பத் திரும்பப் புல்லை மாற்றினார்கள். கடைசியில் 2010-இல் செயற்கை இழைகளை மணலுக்குள் தைத்து, இயற்கைப் புல்லின் வேர் அவற்றைச் சுற்றி வளரும்படி செய்கிற கலப்புத் தரைக்கு மாறினார்கள்.

புல் வெளிறுகிறது, மஞ்சளாகிறது

மைதானம் முழுக்க ஒரே மாதிரி வெளிறினால், அதுவும் அடி இலை முதலில் மஞ்சளானால், தழைச்சத்துக் குறைவு. புது இலை மஞ்சள், நரம்பு மட்டும் பச்சை என்றால் இரும்புச்சத்து கிடைக்கவில்லை, பெரும்பாலும் மண்ணின் பி.எச். 7-ஐத் தாண்டிக் காரமாக இருக்கும். கோடு கோடாக மஞ்சளும் பச்சையும் வந்தால் உரம் தூவினவர் ஒரு கோட்டை விட்டுவிட்டார். பாதி அளவை நீளவாக்கிலும் பாதியைக் குறுக்குவாக்கிலும் தூவினால் அந்தக் கோடு வராது.

அளவைப் பற்றி: கரையும் உரத்தில் ஒரு தடவைக்கு ஒரு சதுர மீட்டருக்கு 5 கிராம் தழைச்சத்துக்கு மேல் போகாதீர்கள். யூரியாவில் 46 சதவீதம்தான் தழைச்சத்து என்பதால் அது 11 கிராம் யூரியா, முழு மைதானத்துக்கு 78 கிலோ. வெயில் காலத்தில் அதையும் இரண்டாகப் பிரித்து, இலை காய்ந்திருக்கும்போது தூவி, உடனே தண்ணீர் விடுங்கள். ஈர இலையில் யூரியா ஒட்டினால் மறுநாளே கருகல். நிறையப் போட்டால் புல் கரும்பச்சையாகத் தளதளவென்று வரும், பார்க்க அழகு, ஆனால் அந்த இலை தண்ணீர் கோத்த இலை, ஒரே ஆட்டத்தில் நசுங்கிவிடும். மிதியைத் தாங்க சாம்பல்சத்து (பொட்டாஷ்) வேண்டும், அதை நிறையப் பேர் மறந்துவிடுகிறார்கள்.

இலை நுனி மட்டும் வெள்ளையாக, பிசிறு பிசிறாக, தூரத்திலிருந்து சாம்பல் பூத்த மாதிரி இருந்தால் ஒரு இலையைப் பறித்துக் கண்ணருகே பிடியுங்கள். சுத்தமாக வெட்டியிருந்தால் கத்தி சரி, நார் நாராகக் கிழிந்திருந்தால் மெஷின் கத்தி மழுங்கிவிட்டது. சாணை பிடித்தால் அந்தச் சாம்பல் நிறம் ஒரு வாரத்தில் போகும். வெட்டின உடனே முழுத் தரையும் பழுப்பாகத் தெரிந்தால் ஒரேயடியாக அதிகம் வெட்டிவிட்டீர்கள். ஒரு தடவைக்கு மூன்றில் ஒரு பங்குக்கு மேல் எடுக்கக் கூடாது, 24 மி.மீ.-இல் வைத்திருக்க வேண்டும் என்றால் 36 மி.மீ. வருவதற்குள் வெட்டிவிட வேண்டும். ஆட்டம் நடக்கிற மைதானத்தில் வளர்ச்சிக் காலத்தில் வாரத்துக்கு இரண்டு முறையாவது வெட்டு விழும் என்பதுதான் இதன் பொருள்.

தண்ணீர் விட்டும் அங்கங்கே திட்டுத் திட்டாகக் காய்கிறது

முதலில் ஸ்பிரிங்க்ளரைச் சந்தேகப்படுங்கள். ஒரே அளவுள்ள டப்பாக்களைப் பத்துப் பன்னிரண்டு இடத்தில் வைத்து கால் மணி நேரம் ஓட்டிப் பாருங்கள். ஒரு டப்பாவில் 8 மி.மீ., இன்னொன்றில் 2 மி.மீ. என்று வந்தால் மண்ணில் தேட வேண்டியது எதுவும் இல்லை.

டப்பா எல்லாம் ஒரே மாதிரி நிறைந்தும் திட்டு இருந்தால் அந்த இடத்து மண்கட்டியை நன்றாக உலர்த்தி, மேல் பக்கத்திலிருந்து கீழ் வரை அங்கங்கே ஒரு சொட்டுத் தண்ணீர் வையுங்கள். சொட்டு தாமரை இலைத் தண்ணீர் மாதிரி உருண்டு நின்றால் மண் தண்ணீரை ஏற்க மறுக்கிறது, மணல் தரையில் இது சகஜம், மக்கிய பொருளிலிருந்து வருகிற மெழுகு மணல் மணியைப் போர்த்திவிடுகிறது. துளை போட்டு, மண்ணை நனைக்கும் திரவம் தெளித்து, மெதுவாக நேரம் எடுத்து ஊற வைக்க வேண்டும். சொட்டு உடனே உறிஞ்சப்பட்டால் கம்பியால் குத்திப் பாருங்கள், அடியில் கல்லோ கட்டட இடிபாடோ இருக்கும்.

தண்ணீர்க் கணக்கும் தெரிந்து வைத்திருங்கள். 1 மி.மீ. என்பது சதுர மீட்டருக்கு ஒரு லிட்டர், முழு மைதானத்துக்கு 5 மி.மீ. விட 35,700 லிட்டர் வேண்டும். இவ்வளவு தண்ணீரை அரைகுறையாகத் தினமும் தெளிப்பதைவிட, இரண்டு மூன்று நாளுக்கு ஒரு முறை ஆழமாக, விடியற்காலையில் விடுவது நல்லது. ராத்திரி விட்டால் இலை விடியும்வரை ஈரமாகவே இருக்கும், பூஞ்சாணத்துக்கு அதுதான் வேண்டும்.

வட்ட வட்டமாக, புள்ளி புள்ளியாகச் சாகிறது

காலை பனி காய்வதற்கு முன் போய்ப் பாருங்கள், பத்து மணிக்குப் போனால் பாதி சாட்சி ஆவியாகியிருக்கும். நாணய அளவு வெளிறிய புள்ளிகள், அவற்றில் சிலந்தி வலை மாதிரி மெல்லிய இழை என்றால் டாலர் ஸ்பாட் என்ற பூஞ்சாண நோய், தழைச்சத்து குறைந்த புல்லில்தான் அதிகம் வரும், கொஞ்சம் உரம் போட்டுப் பனியைக் கயிறு இழுத்துத் தட்டிவிட்டாலே பாதி குறையும். எண்ணெய் பட்ட மாதிரி கருத்து, வழவழப்பாகி, பஞ்சு போன்ற வெள்ளை இழையோடு ஒரே ராத்திரியில் பரவினால் பித்தியம் என்ற நோய். இது உக்கிரமானது, பாசனத்தை நிறுத்திவிட்டு அதற்கான பூஞ்சாணக்கொல்லியை அன்றே தெளியுங்கள், அந்தப் பகுதியில் மெஷினை ஓட்டி மற்ற இடத்துக்குக் கொண்டு போகாதீர்கள்.

இழை எதுவும் இல்லை, இலை ஓரம் கடித்த மாதிரி இருக்கிறது என்றால் படைப்புழுவாக இருக்கலாம். பாத்திரம் கழுவுகிற திரவ சோப்பு இரண்டு டேபிள் ஸ்பூனை நாலு லிட்டர் தண்ணீரில் கலந்து ஒரு சதுர மீட்டரில் ஊற்றுங்கள், புழு இருந்தால் சில நிமிடத்தில் மேலே ஏறி வரும்.

களை ஏறுகிறது

களை உங்களிடம் மண்ணைப் பற்றிச் சொல்ல வந்திருக்கிறது. தரையோடு படிந்து, நடுவில் வெள்ளி மாதிரி வெளுத்துச் சக்கரமாக விரிகிற, கேழ்வரகின் நெருங்கிய சொந்தமான கூஸ்கிராஸ் என்ற முரட்டுப் புல் கோல் வாசலிலும் நடைபாதையிலும் வந்தால் மண் இறுகியிருக்கிறது, மற்ற புல் நிற்க முடியாத இடத்தில் அது நிற்கும். கோரை வந்தால் அநேகமாக ஈரம் அதிகம். பிடுங்கினால் கிழங்கு உள்ளேயே நின்று இன்னும் நாலாக முளைக்கும், கோரைக்கென்று இருக்கிற மருந்துதான் எடுபடும். காரணத்தைத் தொடாமல் களைக்கொல்லி மட்டும் அடித்தால் அந்த இடம் மொட்டையாகும், அடுத்த களை வந்து உட்காரும்.

ஒரு பக்கம் மட்டும் மெலிந்து, நெட்டையாக, பாசி பிடித்து

நிழல். அருகு வகைகளுக்கு நாளுக்கு ஆறு எட்டு மணி நேர நேரடி வெயில் வேண்டும். மரக்கிளையைக் கழியுங்கள், அந்தப் பகுதியில் உயரமாக வெட்டுங்கள், தண்ணீரையும் தழைச்சத்தையும் குறையுங்கள். கூரை நிழல் என்றால் புல்லுக்கு மேல் செயற்கை வெளிச்சம் பாய்ச்சுகிற விளக்கு வண்டிதான். 1994 கால்பந்து உலகக் கோப்பைக்கு, அமெரிக்காவில் முழுக்கக் கூரை மூடிய பான்டியாக் சில்வர்டோம் அரங்கில் வெயில் போதாது என்பதால், அங்கே ஆட மிச்சிகன் மாநிலப் பல்கலைக்கழகத்தினர் புல்லை வெளியே அறுகோணத் தட்டுகளில் வளர்த்து உள்ளே கொண்டுவந்து அடுக்கினார்கள்.

எல்லாம் செய்தும் தேறவில்லை

அப்போது நோட்டுப் புத்தகத்தை எடுங்கள். ஒவ்வொரு நாளும் எத்தனை மணி நேரம், எத்தனை பேர், மைதானத்தின் எந்தப் பகுதி, தரை ஈரமா காய்ந்ததா என்று நாலு வாரம் எழுதுங்கள். சாதாரண மண் மைதானம் வளர்ச்சி குறைந்த குளிர் காலத்தில் வாரத்துக்கு நாலிலிருந்து ஆறு மணி நேரத்துக்கு மேல் தாங்குவது கஷ்டம். வளர்ச்சிக் காலத்தில், நல்ல மணல் தரையில் அதைவிட நிறைய ஆடலாம், கலப்புத் தரை இன்னும் தாங்கும். நீங்கள் எழுதின எண் முப்பது நாற்பது என்று வந்தால் எந்த உரமும் அதை ஈடு கட்டாது, அந்த எண்ணை நிர்வாகத்திடம் நோட்டோடு காட்டுவதுதான் வேலை. நான் வாய் வார்த்தையாகச் சொன்ன வரைக்கும் யாரும் கேட்கவில்லை, நோட்டைத் திறந்து வைத்த பிறகுதான் பயிற்சியில் பாதி வேறு இடத்துக்கு மாறியது.

ஈரத்தில் ஆடுவதை நிறுத்த ஒரு எளிய விதி வைத்திருக்கிறேன். ஆட்டத்துக்கு முன் கோல் வாசலிலும் நடுவிலும் நின்று முழு எடையோடு ஒரு காலை அழுத்துகிறேன். ஷூவைச் சுற்றித் தண்ணீர் கசிந்து வந்தால் அன்று ஆட்டம் இல்லை, கோப்பை ஆட்டமாக இருந்தாலும் கெஞ்சியாவது தள்ளி வைக்கிறேன். அந்தத் தொண்ணூறு நிமிடம் கெடுக்கிற மண்ணை மீட்க மாதங்கள் ஆகும்.

ஆட்டம் முடிந்ததும் அன்றே பெயர்ந்த துண்டுகளை நிரப்பிவிடுங்கள், மறுநாள் என்றால் வேர் காய்ந்துவிடும். ஃபோர்க்கைப் பக்கவாட்டில் இறக்கி, பள்ளத்தின் அடியிலிருந்து மண்ணை மேலே நெம்பி, துண்டை உட்கார வைத்து, காலால் மெதுவாக அழுத்துங்கள். காலால் மட்டும் மிதித்தால் பள்ளம் அப்படியே இருக்கும். துண்டு இல்லாத குழியில் மணலும் மண்ணும், ரை மைதானம் என்றால் விதையும் கலந்து நிரப்பலாம்.

வருடத்துக்கு ஒரு முறை, புல் மிக வேகமாக வளர்கிற காலத்தில், ஆறிலிருந்து எட்டு வாரம் மைதானத்தை மூடுங்கள். துளை, மணல், நடவு எல்லாம் அதற்குள். திறக்கும் தேதி நாள்காட்டியில் இருக்கும், ஆனால் திறப்பதற்கு முந்தின நாள் கோல் வாசலில் மறுபடியும் ஒரு மண்கட்டி எடுங்கள். வேர் வெள்ளையாக, விரல் நீளத்துக்காவது, அதாவது 7, 8 செ.மீ. இறங்கியிருந்து, புல்லைக் கொத்தாகப் பிடித்து இழுத்தால் மண் விடாமல் எதிர்த்து நின்றால் வெள்ளைக் கோடு போட்டு மைதானத்தைத் திறக்கலாம். கையோடு வந்துவிட்டால் மைதானத்தை மூடிக் கட்டிய கயிற்றை அவிழ்க்காதீர்கள், இன்னும் இரண்டு வாரம்.